புள்ளி மட்டும் போதாது: பொறி, புகர், மறை

புள்ளிமான், புள்ளிப்புறா, புள்ளிச்சில்லை. மூன்றுக்கும் ஒரே அடைமொழி. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மூன்றும் ஒன்றில்லை. மானுக்குச் செம்பழுப்பு முதுகில் வெள்ளைப் பொட்டுகள் தனித்தனியாகத் தெரியும். புறாவுக்குப் பிடரியில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் நெருக்கமாக வெள்ளை மணிகள். மணிப்புறா என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. சில்லையின் மார்பில் இருப்பதோ புள்ளியே கிடையாது. ஒவ்வொரு வெள்ளை இறகுக்கும் பழுப்பு விளிம்பு இருக்கிறது. இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது செதில் செதிலாகத் தெரிகிறது.

இப்படிப் பரப்பின் மேல் சிதறிக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் ‘புள்ளி’ என்று எழுதிவிட்டுப் போவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் இது இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் ஸ்பாட்டட், ஸ்பெக்கிள்டு, மாட்டில்டு, பைபால்டு என்று வேறு வேறாக வந்தாலும் தமிழில் எல்லாம் புள்ளியாகிவிடும். சொல் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை, இருக்கிற சொல்லை எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். பழைய சொல். மலையாளத்திலும் இதுதான், சிறுத்தையை அங்கே புள்ளிப்புலி என்பார்கள். தொல்காப்பியம் ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்கிறது. அதாவது, மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெற்று நிற்பது. (ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் அந்தப் புள்ளியை இடுவதில்லை என்பது வேறு கதை.) கோலத்துக்கு நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி. இலங்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெயர் புள்ளி. புள்ளிவிவரம் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். இவை எல்லாவற்றிலும் எண்ணிக்கை இருக்கிறது. தனியாக நிற்க வேண்டும், ஓரம் தெளிவாக இருக்க வேண்டும், பொறுமை இருந்தால் ஒன்று இரண்டு என்று எண்ணிவிட முடிய வேண்டும். அதுதான் புள்ளி. அந்த வகையில் புள்ளிமானுக்குப் பெயர் சரியாகவே அமைந்திருக்கிறது. அதன் புள்ளிகள் குட்டியிலிருந்து கடைசிவரை மறையாமல் இருப்பவை.

எண்ண முடியாதபடி பொடிப்பொடியாகத் தெறித்துக் கிடந்தால் அது பொறி. தீப்பொறியில் வரும் அதே பொறிதான். மதுரைக்காஞ்சியில் ‘பொறிமயிர் வாரணம் வைகறை இயம்ப’ என்று ஒரு அடி வருகிறது. பொறிகள் நிறைந்த இறகுடைய சேவல் விடியலில் கூவுகிறது என்று பொருள். அங்கே கூவியது மதுரை நகரத்துச் சேவல். ஆனால் பொறிமயிர் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழியைப் பார்க்கலாம். சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றும் கறுப்பு. அதில் நடுத்தண்டையொட்டி வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகச் சின்னச் சின்னத் தெறிப்புகள். நுனியில் இருப்பது மட்டும் மினுமினுப்பாக, மெழுகு ஒரு சொட்டு விழுந்து உறைந்ததுபோல இருக்கும். இறகுகள் அடர்ந்து கிடக்கிற கழுத்தில் எதை எங்கே எண்ணுவது? காடை முட்டையும் இந்த வகைதான். பொடிப்புள்ளி என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை, ஆனால் பொறி என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

இங்கே எழுத்துப்பிழை ஒன்று அடிக்கடி நேர்கிறது. பொறி வேறு, பொரி வேறு. சங்கப் பாடல்களில் மரத்தைச் சொல்லும்போது ‘பொரியரை’ என்று வரும். அரை என்றால் அடிமரம். பட்டை வெடித்துச் சொரசொரப்பாக இருக்கிற அடிமரத்தைச் சொல்கிறார்கள். அது தொட்டால் தெரிகிற தன்மை. பொறியோ நிறத்தில் இருப்பது, கண்ணுக்கு மட்டும் தெரிவது. வல்லின றகரத்தையும் இடையின ரகரத்தையும் மாற்றிப் போட்டால் புள்ளி விழுந்த மரம் ஒன்று புதிதாக முளைத்துவிடும்.

அடுத்தது புகர். இந்தச் சொல்லை நாம் கைவிட்டிருக்கவே கூடாது. சங்க இலக்கியத்தில் யானைக்கு இது நிலையான அடைமொழி: புகர்முகக் களிறு, புகர்முக வேழம். வயதான ஆசிய யானையை நேரில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். துதிக்கையிலும் நெற்றியிலும் காதோரத்திலும் தோலின் கருநிறம் குறைந்து இளஞ்சிவப்பாகியிருக்கும். அந்தச் சிவப்புக்குள் மறுபடியும் கரும்புள்ளிகள் தூவினாற்போல் இருக்கும். எங்கே சாம்பல் முடிந்தது, எங்கே சிவப்பு தொடங்கியது என்று கோடு போட முடியாது. ஒன்று இன்னொன்றுக்குள் கலங்கிக் கிடக்கும். நோயில்லை, அழுக்கும் இல்லை; நிறமி குறைவதால் வருவது. புகருக்கு அகராதி தரும் பொருள்களைப் பாருங்கள்: கபில நிறம் (மஞ்சள் கலந்த பழுப்பு), புள்ளி, ஒளி, கறை, குற்றம். போதாததற்கு வெள்ளிக் கோளுக்கும் அது பெயர். ஒளியும் கறையும் ஒரே சொல்லில் எப்படி என்று கேட்கலாம். நிறம் சீராக இல்லாமல் மங்கலும் வெளிச்சமுமாகக் கலந்திருப்பதே அடிப்படை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பொருந்திவிடும் என்பது என் கணக்கு. மாட்டில்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்று ‘பல்வண்ணத் திட்டுகளுடைய’ என்று மூச்சுவாங்க எழுதுகிறார்கள். புகர்த்தோல், புகர்நிறம் என்றால் போதும்.

நான்காவது சொல்லைத் தேட நூலகம் போக வேண்டாம், மாடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் போதும். ஒரு நிறத்து உடம்பில் இன்னொரு நிறம் பெரிய பெரிய திட்டாக விழுந்திருந்தால் அதற்குப் பெயர் மறை. செம்மறை, கருமறை என்று நிறத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கிற மாட்டினம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செம்பழுப்பு உடம்பு, அதில் ஒழுங்கில்லாமல் வெள்ளைத் திட்டுகள், ஒரு மாட்டைப்போல் இன்னொன்று இருக்காது. சரி, இது நாட்டுவழக்கு, புத்தகத்துக்கு ஆகுமா என்று தயங்குகிறவர்கள் கலித்தொகையைப் புரட்டலாம். ஏறு தழுவுதலைப் பாடும் முல்லைக்கலியில் ‘செவிமறை நேர்மின்னும் நுண்பொறி வெள்ளை’ என்று ஒரு காளை வருகிறது. காதில் மறை, உடம்பில் நுண்பொறி, நிறம் வெள்ளை. ஒரே அடியில் திட்டுக்கு ஒரு சொல், தெறிப்புக்கு ஒரு சொல். மாட்டுக்காரர்களுக்கு அன்றைக்கே இரண்டும் வேறு வேறு.

மறு என்பது இன்னொன்று. நிலவில் இருப்பது மறு. மறுவுக்குக் குற்றத்தின் சாயல் எப்போதும் உண்டு. ‘மதிக்கண் மறுப்போல் உயர்ந்து’ என்ற குறளில் (957) உயர்குடியில் பிறந்தவரின் குற்றம் நிலவின் மறுபோல ஊருக்கே தெரியும் என்கிறார் வள்ளுவர். மாசுமறுவற்ற என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே வெறும் அலங்காரப் புள்ளிக்கு மறு என்று எழுதினால் வாசகர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்.

புள்ளி வேறு, வரி வேறு என்பதிலும் பழைய ஆட்கள் கவனமாகவே இருந்தார்கள். புலிக்குக் கொடுவரி என்றே ஒரு பெயர். ஆனால் குறுந்தொகை 47இல் ஒரு சிக்கல். ‘கருங்கால் வேங்கை வீயுகு துறுகல் இரும்புலிக் குருளையின் தோன்றும்’ என்கிறது பாட்டு. கரும்பாறை மேல் மஞ்சள் வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்க, நிலவொளியில் அது புலிக்குட்டிபோல் தெரிகிறதாம். பூ உதிர்ந்தால் பொட்டுப்பொட்டாகத்தான் கிடக்கும், வரியாகக் கிடக்காது. அப்படியானால் அந்தக் குருளை சிறுத்தையின் குட்டியா? புலி என்ற சொல் இரண்டுக்கும் வழங்கியிருக்கிறது என்பதால் அப்படியும் படிக்கலாம். பூ அடர்ந்து விழுந்து, இடையில் தெரிகிற கரும்பாறை கோடுபோலத் தோன்றியது என்றும் படிக்கலாம். நான் முதல் பக்கம்.

மனிதத் தோலுக்கு வந்தால் தனி அகராதியே வேண்டும். சுணங்கு, திதலை இரண்டும் பெண்ணின் மேனியில் படரும் வெளிர்நிறப் புள்ளிகள், அழகாகப் பாடப்பட்டவை. வேங்கைப்பூவோடு சுணங்கை ஒப்பிடாத காலம் இல்லை. இன்று அவற்றை யாரும் பேச்சில் எடுப்பதில்லை. புழக்கத்தில் இருப்பவை மச்சம், மங்கு, தேமல், படை. இதில் தேமல் பூஞ்சையால் வருவது, மருந்து போட்டால் சரியாகும். வெண்புள்ளி அப்படி இல்லை. அது நிறமி இழப்பு, யாருக்கும் ஒட்டாது. முன்பு அதை வெண்குஷ்டம் என்று சொல்லித் தொழுநோயோடு சேர்த்துவிட்டதால் திருமணம் வரை தடைபட்டது. பாதிக்கப்பட்டவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் வெண்புள்ளி என்ற பெயர் நிலைத்தது, அரசும் அதை ஏற்றது. மேலே சொன்ன அளவுகோலை வைத்தால் அது திட்டுதான், புள்ளி இல்லை. இருக்கட்டும், அந்தப் பெயரில் மட்டும் யாரும் இலக்கணத் திருத்தம் செய்யப் போக வேண்டாம்.