பாவசங்கீர்த்தனம் எப்படி ஒப்புரவு ஆனது?

தவக்காலம் வந்தால் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களின் அறிவிப்புப் பலகையில் 'ஒப்புரவு, மாலை 5 மணி' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சில இடங்களில் அது 'ஒப்புறவு' என்றும் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன். வரிசையில் நிற்கும் வயதான அம்மா ஒருவரிடம் எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "பாவசங்கீர்த்தனம் பண்ணத்தான்" என்பார். செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒரே செயலுக்கு, பலகை ஒரு சொல்லைச் சொல்கிறது, வாய் வேறொரு சொல்லைச் சொல்கிறது.

இந்தப் பெயர் மாற்றத்தில் பெரியவர்கள் பலருக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய பெயரில் 'பாவம்' முதலிலேயே நின்றது. புதுப் பெயரில் அதைக் காணோம். பாவத்தைப் பாவம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, இனிப்பான ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டார்களா? உண்மையைச் சொல்லும் கடமை போய், தட்டிக்கொடுக்கும் இரக்கம் மட்டும் மிஞ்சிவிட்டதா? நானும் கொஞ்சகாலம் அப்படித்தான் நினைத்தேன். சொல்லைத் தோண்டிப் பார்த்தபின் அந்த எண்ணம் மாறியது.

பழைய சொல்லில் தொடங்குவோம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்தச் செயல் முதலில் அறிமுகமானது போர்த்துக்கீசியப் பெயரோடு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அண்ட்ரீக் அடிகளார், தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாக 1580இல் கொச்சியில் அச்சிட்டது ஒரு பாவ அறிக்கைக் கையேடு. அதன் பெயரே போர்த்துக்கீசியம்தான். மலையாளத்தில் அந்த வழி இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே 'கும்பசாரம்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்த் திருச்சபை பின்னால் வடமொழிப் பக்கம் திரும்பியது. ஞானஸ்நானம், தேவதிரவிய அனுமானம் (அருளடையாளம்), சருவேசுரன் (கடவுள்) போன்ற சொற்களின் கூட்டத்தில் பாவசங்கீர்த்தனமும் நிலைத்தது.

சங்கீர்த்தனம் என்றால் வாய்விட்டு எடுத்துரைத்தல், புகழ்ந்து பாடுதல். பஜனை மடத்தில் கேட்கிற அதே நாம சங்கீர்த்தனம்தான். மூடிய மரக்கூண்டுக்குள் குருவின் காதில் மட்டும் கிசுகிசுத்து, அவரும் உயிரே போனாலும் வெளியில் சொல்லக்கூடாத ஒரு விஷயத்துக்கு இப்படி ஒரு பெயரா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இது அவ்வளவு பிசகான பெயர் இல்லை. பொதுவில் நடந்த பாவத் தவத்தைத் தொடக்ககாலத் திருச்சபை 'எக்சோமொலொகேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லால் அழைத்தது. அந்தச் சொல்லுக்குப் பாவத்தை அறிக்கையிடுவது, இறைவனைப் புகழ்வது என்று இரண்டு பொருளும் உண்டு. லத்தீனில் 'கொன்ஃபெஸ்ஸியோ'வும் அப்படியே. புனித அகுஸ்தீன் தம் வாழ்க்கையைச் சொல்லும் நூலுக்கு அந்தப் பெயரை வைத்ததும் இரண்டு பொருளையும் மனதில் வைத்துத்தான். ஆக, சங்கீர்த்தனம் என்று பெயர் வைத்தவர் தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, இலக்கில்தான் அடித்திருக்கிறார்.

பழைய சொற்கள் தளர்ந்ததற்கு அவற்றின் வடமொழித் தோற்றம் மட்டும் காரணம் இல்லை. அவற்றின் அன்றாடப் பொருளும் நகர்ந்துவிட்டது. செய்த பாவத்துக்காக உள்ளம் வெந்து வருந்துவதற்கு ஞானோபதேசம் என்ற பழைய மறைக்கல்வி நூல் தந்த பெயர் 'மனஸ்தாபம்'. இன்று 'எனக்கும் மச்சானுக்கும் ஒரு மனஸ்தாபம்' என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். குரு விதிக்கும் பரிகாரத்துக்குப் பெயர் 'அபராதம்'. இன்று அது ஹெல்மெட் போடாதவர் கட்டுவது. இந்தச் சொற்களைக் கேட்டு வளராத பிள்ளைக்கு, புதுநன்மை வகுப்பில் இவற்றை விளக்கவே பாதி நேரம் போய்விடும்.

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1973இல் இந்த அருளடையாளத்துக்கான (கடவுளின் அருளைத் தரும் திருச்சடங்குக்கான) சடங்குமுறை புதுப்பிக்கப்பட்டது. கடவுளோடும் திருச்சபையோடும் மீண்டும் உறவாவது என்ற கருத்து அதில் முன்னுக்கு வந்தது. தமிழில் அதற்குக் கிடைத்த சொல்தான் ஒப்புரவு. இது புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. சீர்திருத்த சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி' வரச் சொல்கிறார் இயேசு. 'தேவனோடே ஒப்புரவாகுங்கள்' என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

அதற்கும் வெகு முன்னால் திருக்குறளின் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. அங்கே பொருள் வேறு: ஊரோடு பொருந்தி, தன்னிடம் உள்ளதைப் பிறருக்குப் பயன்படச் செய்வது. ஊருணி நிறைந்தது போன்ற செல்வம் அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. பரிமேலழகர் இந்தத் தலைப்புக்குச் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒப்புரவு என்பது உலகநடை. வேதநடையைப் போல அது அறநூல்களில் எழுதிவைக்கப்பட்டதல்ல, தானே அறிந்து செய்ய வேண்டியது. அதனால்தான் 'அறிதல்' என்ற சொல் சேர்ந்தது என்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேர். ஒப்பு என்றால் சமம், இணக்கம், சம்மதம். ஒப்புரவு, ஒப்பந்தம், ஒப்படை எல்லாம் இந்தக் குடும்பம். இதே குடும்பத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: ஒப்புக்கொள். ஆமாம், தவறை ஒப்புக்கொள்வது. நடந்ததும் நான் சொல்வதும் ஒத்துப்போனால் அது ஒப்புக்கொள்ளுதல். நானும் நீயும் ஒத்துப்போனால் அது ஒப்புரவு. கிரேக்கத்தில் பாவத்தை அறிக்கையிடுவதற்கு யோவான் தம் முதல் திருமுகத்தில் பயன்படுத்தும் 'ஹோமொலொகேயின்' என்ற வினையும் 'ஒத்ததையே சொல்' என்ற பொருளில் அமைந்ததுதான். கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் இங்கே ஒட்டோ உறவோ இல்லை. ஆனாலும் இரண்டு மொழியும் ஒரே இடத்தில் கால்வைத்திருக்கின்றன.

அதனால்தான் 'பாவம்' பெயரிலிருந்து விலகியதில் உண்மை விலகவில்லை என்கிறேன். ஒப்புக்கொள்ளாமல் ஒப்புரவு இல்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதைக் கெடுப்பதுதான் அந்த வல்லின 'ற'. 'ஒப்புறவு' என்று எழுதுகிறவர்கள் 'உறவு' என்ற சொல் அதில் இருப்பதாக நினைக்கிறார்கள். அழகான கற்பனைதான், ஆனால் பிழை. உறவை மட்டும் பார்த்து ஒப்புதலை மறக்க அது இடம் கொடுக்கிறது. இடையின 'ர'தான் சரி.

சரி, சொல்லில் இரண்டும் சேர்ந்திருக்கலாம். கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் குருவுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிக் கையாள்வது? இது நேற்று முளைத்த கேள்வி அல்ல. திருத்தந்தை பெரிய கிரகோரி, 590ஐ ஒட்டி மேய்ப்பர்களுக்கு எழுதிய நூலில், இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எடுத்துக்கொள்கிறார். அடிபட்டவனின் காயத்தில் சமாரியன் திராட்சை இரசமும் எண்ணெயும் ஊற்றினான். இரசம் எரியும், எண்ணெய் ஆற்றும். எரிச்சல் மட்டும் இருந்தால் நோயாளி ஓடிவிடுவான். எண்ணெய் மட்டும் இருந்தால் காயம் உள்ளே அழுகும். எல்லா நம்பிக்கையாளரும் ஆண்டுக்கொரு முறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று 1215இல் விதித்த நான்காம் லாத்தரன் சங்கமும் அதே விதியில் குருவுக்கு இதையே சொல்கிறது: கைதேர்ந்த மருத்துவரைப் போல இரசமும் எண்ணெயும் ஊற்று, பாவத்தின் சூழலையும் பாவியின் சூழலையும் கவனமாக விசாரி. இன்றைய திருச்சபைச் சட்டத்தொகுப்பின் (1983) 978ஆம் எண், ஒப்புரவு கேட்கும் குரு நடுவரும் மருத்துவரும் ஆவார் என்கிறது. விசாரணைக்கும் ஓர் எல்லை உண்டு. பாவத்தில் கூட இருந்தவர் யார் என்று பெயர் கேட்கக்கூடாது என்கிறது அடுத்த எண்.

நடுவர், மருத்துவர் என்ற இரண்டோடு நிற்காமல், முதலில் தந்தை, அப்புறம் மருத்துவர், ஆசிரியர், கடைசியில் நடுவர் என்று வரிசைப்படுத்தியவர் 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸைச் சேர்ந்த புனித அல்போன்ஸ் லிகோரி. குருவாகும் முன் அவர் வழக்கறிஞர். தீர்ப்பு என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் நடுவரைக் கடைசியில் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பை எளிதில் தரக்கூடாது என்ற கெடுபிடிக்காரர்கள் ஒரு பக்கம், எதையும் பெரிதுபடுத்தாதவர்கள் மறுபக்கம் என்றிருந்த காலத்தில் நடுவழி கண்டவர். 1950இல் ஒப்புரவு கேட்கும் குருக்களின் பாதுகாவலராக அவர் அறிவிக்கப்பட்டார்.

சிக்கலான இடம் ஒன்று உண்டு. மணமுறிவுக்குப் பின் அரசுச் சட்டப்படி மறுமணம் செய்துகொண்ட ஒருவர் வருகிறார். முதல் திருமணம் திருச்சபையின் கண்ணில் இன்னும் நிற்கிறது. இரண்டாவது வாழ்க்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். குரு என்ன சொல்வது? 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், குடும்பம் பற்றிய ஊக்கவுரையில் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: மனிதர் படிப்படியாக முன்னேறலாம், ஆனால் ஆளுக்கொரு அளவில் சட்டம் கிடையாது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஊக்கவுரை, எட்டாம் அதிகாரத்தில் அந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு, உடன்நடத்தல், தெளிந்து தேர்தல், இணைத்தல் என்று வழி சொன்னது. அதில் தெளிவு கேட்டு நான்கு கர்தினால்கள் ஐந்து கேள்விகளை அவர்முன் வைத்தார்கள். வாதம் இன்னும் அடங்கவில்லை.

இங்கேதான் பரிமேலழகர் ஞாபகத்துக்கு வருகிறார். சட்டம் நூலில் இருக்கிறது, அதைக் குரு மாற்ற முடியாது. இந்த மனிதர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது எந்த நூலிலும் இல்லை. அது அறிந்து செய்ய வேண்டியது. என்னைக் கேட்டால், 'தெளிந்து தேர்தல்' என்று ஆவணங்களில் வருகிறதை 'ஒப்புரவறிதல்' என்றே சொல்லலாம்.

இந்த வேருக்கு ஒரு நிழலும் உண்டு. 'ஒப்புக்கு' என்றால் பேருக்கு என்று பொருள். ஒப்புக்குச் சப்பாணி நமக்குத் தெரியும். பெரிய வியாழனுக்கு முன் வரிசை நீளும்போது, போன வருடம் சொன்ன அதே மூன்று பாவத்தை ஒப்பித்துவிட்டு வருகிறோமே, அது அந்த வகை. குரு பக்கமும் அது நடக்கும். "பரவாயில்லை, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று அனுப்பிவிடுவது இரக்கம் போலத் தெரியும். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் மத்தேயு நற்செய்திக்கு எழுதிய விளக்கவுரையில் இதைக் கடுமையாகவே சொல்கிறார்: இரக்கமில்லாத நீதி கொடுமை, நீதியில்லாத இரக்கம் சீரழிவின் தாய். மறுபக்கம், ஒப்புரவுக் கூண்டு வதைக்கூடம் ஆகிவிடக்கூடாது என்று 2013இல் குருக்களுக்கு நினைவூட்டினார் பிரான்சிஸ். வருந்துகிறவரின் மனநிலையில் ஐயம் இல்லை என்றால் மன்னிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது சட்டத்தொகுப்பின் 980ஆம் எண்.

ஆக, எதைப் பயன்படுத்துவது? எழுத்தில், அறிவிப்பில், மறைக்கல்வியில் 'ஒப்புரவு அருளடையாளம்'. பாட்டியிடம் பேசும்போது பாவசங்கீர்த்தனம் என்றே சொல்லுங்கள். அவரைத் திருத்தப்போக வேண்டாம். குருவிடம் பாவத்தைச் சொல்லும் அந்தப் பகுதியை மட்டும் குறிக்கப் 'பாவ அறிக்கை' போதும். முழு அருளடையாளத்துக்கும் அந்தப் பெயரை வைத்தால் மன்னிப்பு வெளியே நின்றுவிடும்.

'ஒத்த தறிவான் உயிர்வாழ்வான் மற்றையான் செத்தாருள் வைக்கப் படும்' என்கிறது ஒப்புரவறிதலின் நான்காவது குறள். லூக்கா நற்செய்தியின் ஊதாரி மகன் உவமையில் வரும் தந்தையும் திரும்பி வந்த மகனைக் காட்டி, இறந்துபோயிருந்தான், உயிர்பெற்று வந்திருக்கிறான் என்கிறார். அந்த மகன் பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூன்று வரி ஒத்திகை பார்த்திருந்தான்: நான் பாவம் செய்தேன், உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், கூலியாளாக என்னை வைத்துக்கொள்ளும். அவன் வாய் திறக்கும் முன்பே தந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டுவிட்டார். ஆனாலும் முதல் இரண்டு வரியையும் அவனைச் சொல்லவிட்டார். மூன்றாவது வரி வருவதற்குள் பணியாளர்களைக் கூப்பிட்டு, நல்ல ஆடை கொண்டுவரச் சொல்லிவிட்டார்.