உலர்கல் சுவரா, கல்லடுக்குச் சுவரா?

‘ட்ரை ஸ்டோன் வாலிங் ஒர்க்ஷாப்’ என்று ஓர் அறிவிப்புப் போட வேண்டும் என்றால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் ட்ரை ஸ்டோன் வாலிங்: சுண்ணாம்பு, சிமெண்டு, சேறு எதுவும் சேர்க்காமல் கல்லோடு கல்லைப் பொருத்தியே சுவர் எழுப்பும் வேலை. ‘உலர்கல் சுவர்’ என்று இதைத் தமிழாக்குவதுண்டு. எனக்கு அது ஒட்டவில்லை.

ஈரமாக இருந்தது காய்ந்தால்தான் உலர்ந்தது என்போம். உலர்திராட்சை சரி. இந்தச் சுவரிலோ காய்வதற்கு எதுவுமே இல்லை. மழை வந்தால் நடுவரைக்கும் நனையும். சாந்து இல்லை என்பதை ஆங்கிலத்தில் ‘ட்ரை’ என்கிறார்கள், அவ்வளவுதான்.

கொங்கு நாட்டில் பழைய தோட்டத்துக் கிணற்றைக் காட்டிக் கேட்டால் “அது கல்லுக்கட்டுக் கெணறுங்க” என்பார்கள். கல்கட்டு நல்ல சொல். ஆனால் சாந்து வைத்துக் கட்டியதற்கும் அதே பெயர்தான். அதனால் அடுக்குதல் என்ற வினையைச் சேர்த்துக் ‘கல்லடுக்குச் சுவர்’ என்பது என் தேர்வு. இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் தொல்காப்பியத்தில் இருக்கிறது. புறத்திணையியலில், பாய்ந்து வரும் படையை ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்பவனை “வருவிசைப் புனலைக் கற்சிறை போல” என்கிறார் தொல்காப்பியர். கற்சிறை என்றால் நீரைத் தடுக்கும் கல்லணை. ஓடையில் கல்லை அடுக்கிப் போடும் தடுப்புக்கு அந்தச் சொல்லை இன்றும் எடுத்தாளலாம். காட்டு (உழவு நிலத்து) வேலிக்கு அது கொஞ்சம் பெரிய சொல்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) என்றாலே கிளுவை வேலிதான் நினைவுக்கு வரும். ஆனால் கரட்டோரத்து (சிறு குன்றோரத்து) காடுகளில் உழ உழக் கல் வெளிவரும். பொறுக்கிய கல்லை எங்காவது போட்டாக வேண்டுமே, அது வரப்புக்குத்தான் போகும். சும்மா கொட்டினால் குவியல், முறையோடு வைத்தால் அடுக்கு. அந்த முறை என்ன என்பதுதான் விஷயம்.

அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். இரண்டு பக்கமும் தனித்தனி முகமாக எழும்பி, உள்ளே லேசாகச் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கும். ஒவ்வொரு கல்லின் நீளமும் சுவருக்குள் போக வேண்டும். நீளப் பக்கத்தை வெளியே காட்டினால் பார்க்க அழகாக இருக்கும், சீக்கிரம் பிதுங்கியும் விடும். கீழ் வரிசையின் இடுக்கு மேல் வரிசைக் கல்லின் நடுவே மறைய வேண்டும். இடுக்குக்கு நேர் மேலே இடுக்கு வந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இரண்டு முகங்களுக்கும் நடுவில் சின்னக் கல்லை ஒவ்வொன்றாகக் கையால் இறுக்கி வைக்க வேண்டும். மண்ணை அள்ளிக் கொட்டினால் மழையில் கரைந்துபோய் உள்ளே பொந்து விழும். பாதி உயரத்தில் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை எட்டும் நீளக் கல் இடைவெளி விட்டு விட்டு வரும். அதைப் பிணைக்கல் எனலாம். உச்சியில் கனமான மூடுகல்.

சாந்து இல்லாததே இதற்குப் பலம். மண்ணைத் தாங்கும் சுவராக இருந்தால் பின்னால் தேங்கும் நீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், முட்டித் தள்ளாது. அடிமண் கொஞ்சம் இறங்கினாலும் சுவரும் விரிசல் விடாமல் கூடவே இறங்கும். ஓணானும் அரணையும் குடியேறுவது தனிக் கணக்கு (பாம்பும்தான்).

பிரிட்டனில் இந்தக் கலைக்கென்று 1968இல் ஒரு சங்கமே தொடங்கி, இன்றும் பயிற்சி நடத்துகிறார்கள். யுனெஸ்கோ 2018இல் கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் கல்லடுக்குக் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்து ‘ஒர்க்ஷாப்’. பயிலரங்கம் என்று எழுதினால் நாற்காலியும் மைக்கும்தான் கண்ணில் வருகின்றன. இங்கே பொருந்துவது பட்டறை. பட்டடை என்பது அதன் பழைய வடிவம். கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் அது, 821ஆம் குறளில் வருகிறது. கோயம்புத்தூரில் லேத் பட்டறை, சோமனூரில் தறிப்பட்டறை என்று கொங்கில் தினமும் புழங்குகிற சொல். கவிதைக்குப் பட்டறை என்பது உருவகம், கல்லுக்கு அது நேர்ப்பொருள்.

கல்லடுக்குப் பட்டறையில் முதல் வேலை கட்டுவதல்ல, பிரிப்பது. ஊரார் கூடி, சரிந்த சுவரை இறக்கிக் கல்லை அளவு வாரியாகப் பரப்புவார்கள்: அடிக்கல் சுவருக்குப் பக்கத்தில், மூடுகல் தூரத்தில். அப்புறம்தான் நூல் பிடிப்பது. வெங்கச்சாங்கல் (வெள்ளைக் கல்) வழுக்கும், சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்) பொரிந்து உதிரும் என்பதெல்லாம் புத்தகம் இல்லாமலே கைக்குத் தெரிந்துவிடும். அறிவிப்பில் ‘கல்லடுக்குச் சுவர்ப் பட்டறை’ என்று போட்டு, கெட்டியான செருப்பும் கையுறையும் கொண்டுவரச் சொன்னால் போதும். கல் உடைப்பவர்களுக்குக் கண்ணாடியும் வேண்டும்.