சுனாமி: கடல் வந்த பிறகு வந்த சொல்

சுனாமி ஜப்பானியச் சொல். ‘ட்சு’ என்றால் துறைமுகம், ‘நமி’ என்றால் அலை. இரண்டும் சேர்ந்தால் துறைமுக அலை. தமிழில் எந்தச் சொல்லும் ‘ட்’ என்று தொடங்குவதில்லை, அதனால் அது உதிர்ந்துபோனது. நடுவில் இருந்த குறிலை ஆங்கிலத்தார் நீட்டிச் சொன்னார்கள், நாமும் நீட்டிக்கொண்டோம்.

இவ்வளவு பெரிய அழிவுக்கு ஏன் இப்படி ஒரு சாதுவான பெயர்? கடலடி நிலம் சட்டென்று உயரும்போதோ தாழும்போதோ அதன் மேலிருக்கும் நீர் அடியிலிருந்து மேல்வரை மொத்தமாக அசைகிறது. ஆழ்கடலில் அந்த அசைவு மணிக்கு 700, 800 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். உயரமோ ஒரு மீற்றர்கூட வராது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே நூறு கிலோமீற்றருக்கு மேல் இடைவெளி இருப்பதால், வள்ளத்தில் வலை வீசிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் முன்னால் போகும் நீர் வேகம் தளர, பின்னால் வருவது அதன் மேல் ஏறுகிறது. கடலில் ஒன்றும் காணாத ஜப்பானிய மீனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் துறைமுகம் இருக்காது. துறைமுகத்தில் மட்டும் தோன்றும் அலை என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை.

1611இல் அந்நாட்டின் வடகிழக்கே சன்ரிக்குக் கரையை அடித்த அலையைப் பற்றிய குறிப்பில்தான் இந்தச் சொல் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. 1896இல் அதே கரையில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்த பிறகு வெளிநாட்டாரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஆங்கிலத்தில் வற்றுப்பெருக்கோடு சேர்த்து ஒரு பெயர் சொல்லிவந்தார்கள். நிலவின் இழுப்பால் வரும் வற்றுப்பெருக்குக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதால் விஞ்ஞானிகள் அதைக் கைவிட்டு ஜப்பானியச் சொல்லையே பொதுச்சொல்லாக்கினார்கள்.

சரி, திருகோணமலைக்கு வருவோம். உலகில் பேர்பெற்ற இயற்கைத் துறைமுகம் இருக்கும் ஊர் இது. துறைமுக அலை என்ற பெயர் இங்கே அப்படியே பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2004 மார்கழி 26ஆம் திகதி பெரிதாக அடிபட்டது உள்துறைமுகம் இல்லை. கடலை நேரே பார்த்திருக்கும் நிலாவெளி, குச்சவெளிக் கரைகளும், கொட்டியாரக் குடாவை ஒட்டிய கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களும்தான். (இங்கே டிசம்பரை மார்கழி என்றே சொல்வோம். பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

அன்று ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா தினமும்கூட. நம் நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம். அலை இங்கே வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எடுத்தது. அந்த இரண்டு மணிநேரத்தில் யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை முறை இருந்தது, இந்து சமுத்திரத்துக்கு இல்லை. 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் கடல் வற்றி ஏறியது என்று பழைய பதிவுகள் இருக்கின்றன. ஆனால் பதிவேட்டில் இருப்பது கரையில் இருப்பவனுக்குத் தெரியவா போகிறது?

ஆகவே அன்று காலையில் நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. ஓடியவர்கள் கத்தியது “கடல் வருது, ஓடுங்கோ” என்றுதான். தெற்கே சிங்களவர்கள் “முகுத எனவா” என்று கத்தினார்கள். அதற்கும் பொருள் அதேதான். எனக்கு இந்த இரண்டு சொற்றொடரும்தான் அந்த நாளின் உண்மையான பெயர்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சுனாமி என்ற சொல் வந்துசேர்ந்தபோது நாட்டில் 35,000 பேர்வரை இறந்திருந்தார்கள், அல்லது காணாமற் போயிருந்தார்கள். ஆகக் கூடுதலாக இழந்தது அம்பாறை மாவட்டம். காலிக்கு அருகே பெரலியவில் ஒரு ரயிலோடு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள்.

அதன்பிறகு இந்தச் சொல் நம்மிடையே எப்படியெல்லாம் மாறியது என்று பார்த்தால், நாடு எப்படி மாறியது என்பதும் கூடவே தெரிகிறது.

முதலில் அது காலத்தைக் காட்டும் சொல்லானது. 1964 சூறாவளி, 1978 சூறாவளி என்று எங்கள் பெரியவர்கள் ஆண்டுக்கணக்குச் சொல்வார்கள். அந்த வரிசையில் ‘சுனாமிக்கு முந்தி’, ‘சுனாமிக்குப் பிறகு’ என்பதும் சேர்ந்தது. அடுத்து அது ஒரு அடைமொழி. சுனாமி வீடு, சுனாமி வள்ளம், சுனாமிக் காசு. சுனாமி வீடு என்றால் சுனாமி உடைத்த வீடு என்று வெளியூர்க்காரர் நினைப்பார். இங்கே அது அதற்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. அழிவின் பெயரே நிவாரணத்தின் பெயராகிவிட்டது. கூடவே ஒரு புழுக்கமும் வந்தது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து பதினைந்து, இருபது வருடம் நலன்புரி நிலையங்களில் கிடந்தவர்கள், அலையால் வீடிழந்தவர்களுக்குச் சில மாதங்களில் கிடைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சுனாமி ஆக்கள்’ என்று அவர்கள் சொல்லும்போது அதில் இரக்கத்தோடு வேறொன்றும் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் வாரங்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். யார் சமைத்தது, யார் சாப்பிட்டது என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிவாசலில் தமிழர், கோயிலில் முஸ்லிம்கள், சிங்கள ஊர்களிலிருந்து லொறியில் அரிசி. நாடு மாறிவிட்டது என்று அப்போது நம்பியவர்களில் நானும் ஒருவன். அப்புறம் அந்த உதவியை யார் பங்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24ஆம் திகதி பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதை எதிர்த்து, ஆளும் கூட்டணியில் இருந்த ஜே.வி.பி. கட்சி கையெழுத்துக்கு முன்னரே அரசாங்கத்தை விட்டு வெளியேறியிருந்தது. கையெழுத்திட்டவர்களில் எங்கள் தரப்பு இல்லையே என்று முஸ்லிம்கள் கேட்டார்கள். கிண்ணியாவின் இழப்பைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான கேள்வி. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதோடு அது முடிந்தது. அடுத்த மாதமே, அதே அலையால் நம்மைவிடப் பல மடங்கு இழந்த ஆச்சேயில், இந்தோனேசிய அரசும் போராளிகளும் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒரே கடல்தான்.

திருகோணமலை மாவட்டத்துக்கு ‘சுனாமிக்குப் பிறகு’ என்ற காலம் பத்தொன்பது மாதம்தான் நீடித்தது. 2006 ஜூலையில் மாவிலாற்றில் சண்டை தொடங்கியது. ஆகஸ்டில் மூதூர் மக்கள் கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் ஓடினார்கள், சம்பூர்ப் பக்கத்தவர்கள் வெருகல் கடந்து வாகரைக்குப் போனார்கள். சுனாமி வள்ளம் வாங்கி ஒரு பருவம்கூடச் சரியாகத் தொழில் செய்யாதவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். சம்பூர்க்காரர்களில் பலர் ஊர் திரும்ப 2015வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் ‘சுனாமிக்குப் பிறகு’ என்று கேட்டால், “எந்தப் பிறகு?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

நாட்டில் நிலைத்தவை சட்டமாகவும் கருவியாகவும் மாறியவைதான். 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அதன்கீழ் நிலையம் வந்தது, கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் வடகிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்ற விதியும் வந்தது. அலைக்குத் தெற்கு வடக்குத் தெரியுமா என்று அப்போது கேட்காதவர் இல்லை. அது பின்னர் தளர்த்தப்பட்டது. மார்கழி 26 தேசிய பாதுகாப்பு தினமானது. காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம், வாகனங்கள்கூட நிற்கும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு மேற்கே மறுபடி 8.6 அளவில் நடுங்கியது. இந்த முறை எல்லோரிடமும் சொல் இருந்தது. ‘சுனாமி வருதாம்’ என்ற இரண்டு சொல்லுக்கே கரையோரம் காலியானது. சைக்கிளிலும் ஆட்டோவிலுமாக உவர்மலை மேட்டை நோக்கிப் போனார்கள். பெரிய அலை வரவில்லை. ஆனால் சொல் வேலை செய்தது. இப்போது அதே சொல்லைத் தேர்தல் வெற்றிக்கும் விலையேற்றத்துக்கும் மேடைகளில் எடுத்து வீசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல். இரண்டு இருக்கின்றன. ஆழிப்பேரலை என்பது ஆழி, பெருமை, அலை என்ற மூன்றின் சேர்க்கை. ஆழி என்பதற்குக் கடல் என்றும் சக்கரம் என்றும் பொருள் உண்டு, இங்கே கடல். ஈழத்துச் செய்தித்தாள்களில் பரவலாக வழங்குவது இதுதான். சொல் அழகானது, ஓசையும் நல்லது. ஆனால் அது அலையை மட்டும்தான் சொல்கிறது.

மற்றது கடற்கோள். கொள் என்ற வினை முதனிலை திரிந்து நீண்டு கோள் ஆகிறது. கடல் எடுத்துக்கொண்டது என்று பொருள். சிலப்பதிகாரத்தில் “பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள” என்று வரும். மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொண்டதும் இதே வினைதான். சிங்கள மரபிலும் களனி மன்னன் காலத்தில் கடல் பொங்கியதாகவும், அதைத் தணிக்க அவன் மகள் விகாரமாதேவி படகில் விடப்பட்டதாகவும் கதை உண்டு. அதெல்லாம் வரலாறா என்பது வேறு வழக்கு. கடல் நிலத்தைக் கொள்ளும் என்ற எண்ணம் இந்த இரண்டு மொழிக்காரருக்கும் பழையது என்பது மட்டும் உறுதி.

என் கருத்து இது. அலையைச் சொல்ல ஆழிப்பேரலை, அன்று நடந்ததைச் சொல்ல கடற்கோள். ‘ஆழிப்பேரலை எச்சரிக்கை’ சரி, ‘கடற்கோள் நினைவுநாள்’ சரி. இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருள் சற்று நழுவும். அவசரத்தில் கத்துவதற்குச் சுனாமியே போதும். மூன்று எழுத்துச் சொல், சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதை எடுத்துவிட்டு இலக்கணம் பார்க்கக் கூடாது. எழுதும்போது ஆழிப்பேரலையை ஒரே சொல்லாக, ப் மிகுந்து எழுத வேண்டும். கடல்கோள் என்றும் எழுதுகிறார்கள். புணர்ச்சிப்படி ல் ற் ஆகி கடற்கோள் என்பதே முறை.