மணிமுத்தாற்றுத் தும்பிகளை நிறம் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மணிமுத்தாறு, தேனாறு, விருசுழியாறு எல்லாவற்றிலும் கொஞ்ச நாளைக்காவது தண்ணீர் ஓடும். செட்டிநாட்டு ஆறுகளுக்கு ஆண்டு முழுக்க ஓட்டம் கிடையாது. மழை ஓய்ந்ததும் ஆங்காங்கே மடுக்களாகத் தேங்கிவிடும். வெயில் ஏற ஏற, அந்த மடுக்களின் கரையில் கோரை நுனிகளைச் சிவப்புத் தும்பிகள் பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பூச்சி என்றுதான் நினைக்கிறார்கள். நம் சமவெளியில் அப்படிச் சிவந்து திரிபவை குறைந்தது நான்கு இனங்கள்: குரோக்கோதெமிஸ் செர்விலியா, டிரைதெமிஸ் அரோரா, யூரோதெமிஸ் சிக்னேட்டா, ரோடோதெமிஸ் ரூஃபா. பெயர்கள் வாயில் நுழையக் கஷ்டம்தான், பூச்சிகளைப் பிரித்தறிவது அவ்வளவு கஷ்டமில்லை.

முதலில் நிறத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். கூட்டுத்தோலை விட்டு வெளியே வந்த புதிதில் ஆண், பெண் இரண்டுமே மஞ்சளாகத்தான் இருக்கும். ஆண், பருவத்துக்கு வர வரத்தான் சிவக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று ஜப்பானில் ரியோ ஃபுதாஹாஷி குழுவினர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இனங்களில் நம்மூர் செர்விலியாவும் ஒன்று. தும்பியின் தோலில் ஓமோக்ரோம் என்ற நிறமி உண்டு. அது ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் மஞ்சளாகவும், அதற்கு எதிர்மாற்றமான ஒடுக்கம் அடைந்த நிலையில் சிவப்பாகவும் தெரியும். ஒடுக்கத்தை உண்டாக்கும் வைட்டமின் சி-யை இளம் ஆண்களின் உடம்பில் ஊசியால் செலுத்தியபோது அவை சிவந்துவிட்டன. ஏற்கெனவே இருக்கிற நிறமியே நிலை மாறுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம். அதனால் மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு என்று மூன்று தும்பிகளைப் பார்த்தால், மூன்றும் ஒரே இனமாகவும் இருக்கலாம்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? காலைப் பாருங்கள். செர்விலியாவின் கால்கள் செம்மை கலந்தவை. அரோராவின் கால்கள் கறுப்பு. அரோராவின் உடம்பில் கத்தரிப்பூ சாயல் இருக்கும். இறக்கை நரம்புகள்கூடச் சிவந்திருக்கும், நல்ல வெயிலில் இது தெளிவாகத் தெரியும். செர்விலியாவின் வால் முதுகில் பெரும்பாலும் மெல்லிய கருங்கோடு ஒன்று நீளமாக ஓடும். இந்தக் கோட்டை மஞ்சளாக இருக்கிற பெண்ணிடமும் பார்க்கலாம். நிறம் கைவிட்ட இடத்தில் உதவுவது இதுதான்.

சிக்னேட்டாவுக்கு வாலின் கடைசிப் பக்கம் போக வேண்டும். தும்பியின் வாலில் 10 கணுக்கள். கடைசியில் இருக்கும் குட்டிக் கணுவை 10 என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணினால் 9, 8 இரண்டின் முதுகிலும் கரும்புள்ளி இருக்கும். பின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் கருஞ்சிவப்புத் திட்டும் உண்டு. ரூஃபா ஆணிடம் இப்படி எந்தக் கறுப்பும் கிடையாது. அதன் பெண்ணுக்குத் தலையிலிருந்து முதுகு வழியாக வாலின் முன்பாதி வரை வெளிறிய பட்டை ஒன்று இறங்கும்.

இத்தனையும் ஒரே படத்தில் கிடைக்காது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படமாவது வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் இரண்டாம் கணுவின் அடியில் சிறு புடைப்பு தெரிந்தால் அது ஆண். மஞ்சளாக இருப்பது பெண்ணா, இன்னும் சிவக்காத ஆணா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும். பறந்துவிட்டதே என்று பின்னால் ஓட வேண்டாம். இவை உட்கார்ந்த குச்சிக்கே திரும்பி வரும் பழக்கமுள்ளவை. நிழல் அதன்மேல் விழாதபடி தாழ உட்கார்ந்து காத்திருந்தால் போதும்.

ஆற்று மணலில் வேறொரு குழப்பம் இருக்கிறது. பச்சையும் கறுப்புமாகக் கோடு போட்ட ஆர்தெட்ரம் சபீனா எங்கும் கிடைக்கும். மணலிலும் கல்லிலும் உட்காரும் பாராகோம்ஃபஸ் லீனியேட்டஸையும் பலர் அதுவென்றே எண்ணிவிடுகிறார்கள். கண்ணைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சபீனாவின் இரு கண்களும் உச்சந்தலையில் ஒட்டியிருக்கும். லீனியேட்டஸின் கண்களுக்கு நடுவே தெளிவான இடைவெளி இருக்கும், அதன் குடும்பத்துக்கே உள்ள அடையாளம் இது. ஆணின் வால் நுனியில் தூண்டில் முள் மாதிரி வளைந்த கொக்கிகளும் இருக்கும்; சபீனாவுக்கு வாலின் தொடக்கம் உருண்டு, நடுவால் மெலிந்து, நுனி மறுபடி அகலும்.

லீனியேட்டஸின் குஞ்சு தண்ணீருக்கடியில் மணலுக்குள் புதைந்து வளர்வது. வண்டி வண்டியாக மணல் அள்ளப்பட்ட இடத்தில் அதற்கு வளர வழியில்லை. ஆகவே படமெடுத்தால் தேதியோடு ஆற்றின் பெயரையும், அங்கே மணல் கிடந்ததா, வெறும் களிமண்தானா என்பதையும் எழுதி வையுங்கள்.