மொத்தம் 62, ரிசல்ட் ஃபெயில்: எலக்ட்ரானிக்ஸ் தாளில் மார்க் போகும் இடங்கள்

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று இரவு ஒரு மாணவரின் அப்பா போன் செய்தார். "சார், பையன் எலக்ட்ரானிக் டிவைசஸ்ல ஃபெயில், யூ கிரேடுன்னு போட்டிருக்கு. இன்டர்னல்ல நாற்பதுக்கு 38 இருக்கு. பாஸுக்கு அம்பதுதானே? இன்னும் 12 வாங்கினா போதும். அதைக்கூடவா சார் அவன் எழுதியிருக்க மாட்டான்? பேப்பரைச் சரியாத் திருத்தலையோ?"

அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் பாதி விதியை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மாணவர்களுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன், பேப்பர் திருத்தும் கேம்ப்புக்கும் போய் வருகிறேன். மாணவர்கள் டிரான்சிஸ்டரைப் படிக்கிற அளவுக்குத் தங்களுக்கு மார்க் போடும் விதியைப் படிப்பதில்லை. மூன்றாம் வருடம் வந்த பிறகும் "எக்ஸ்டர்னல் எத்தனைக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு.

2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டு வந்த பல்கலைக்கழக விதிமுறையில், சேர்ந்தவர்களுக்கு, தியரி பாடத்தில் இன்டர்னல் (கல்லூரியில் போடும் மார்க்) 40, எக்ஸ்டர்னல் எனும் செமஸ்டர் தேர்வு 60. (2017 ரெகுலேஷனில் இது 20, 80 என்று இருந்தது. சீனியர் அண்ணன் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.) செமஸ்டர் தாளை 100 மார்க்குக்கு எழுதுகிறீர்கள், அது 60-க்குச் சுருக்கப்படுகிறது. பாஸாக இரண்டு நிபந்தனைகள். இன்டர்னலும் தேர்வும் சேர்ந்து 50 வர வேண்டும். கூடவே, அந்த 100 மார்க் தாளில் தனியாக 45 எடுத்தாக வேண்டும். அந்த அப்பாவிடம் யாரும் சொல்லாமல் விட்டது இந்த இரண்டாவதைத்தான்.

பையன் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி வந்தான். தாளில் 40. அறுபதுக்குச் சுருக்கினால் 24. இன்டர்னல் 38 சேர்த்தால் 62. ஆனாலும் ஃபெயில்.

இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாளில் 45 போதும். 20 மட்டுமே இருந்தால் 50 எடுக்க வேண்டும். 15 என்றால் 59. இன்டர்னலில் 10 வாங்கிக்கொண்டு "எக்ஸ்டர்னல்ல பாத்துக்கலாம்" என்பவர் தாளில் 67 எடுத்தால்தான் வெறும் பாஸ். அப்படிச் சொல்பவர் 67 எடுத்து நான் பார்த்தது குறைவு.

இன்டர்னல் வருவது இரண்டு மதிப்பீடுகளிலிருந்து. ஒவ்வொன்றும் 100 மார்க். அதில் எழுத்துத் தேர்வு 60தான், மீதி 40 அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் மாதிரியானவற்றுக்கு. இரண்டையும் கூட்டி 40-க்குச் சுருக்குகிறோம். அசைன்மென்ட்டைக் கடைசி நாளில் பக்கத்து நண்பனைப் பார்த்து எழுதினாலும் ஏதோ ஒரு மார்க் விழுந்துவிடும் என்பதால், நிறைய பேருக்கு இன்டர்னல் கொழுத்தும் தாள் மெலிந்தும் இருக்கிறது. ஆசிரியர்களும் கையைத் தாராளமாகவே வைக்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். 38 பார்த்து அந்தப் பையனும் நிம்மதியாக இருந்துவிட்டான். அந்த நிம்மதியில் எங்களுக்கும் பங்குண்டு.

சரி, தாளுக்கு வருவோம். பகுதி அ-வில் பத்து இரண்டு மார்க் கேள்விகள். பகுதி ஆ-வில் ஐந்து பதின்மூன்று மார்க் கேள்விகள், ஒவ்வொன்றிலும் இதுவா அதுவா என்று ஒரு தேர்வு. பகுதி இ-யில் ஒரே ஒரு பதினைந்து மார்க் கேள்வி. மூன்று மணி நேரம்.

அந்தப் பையனின் நகலை மேசையில் விரித்துப் பார்த்தோம். பதின்மூன்று மார்க்குக்கு வோல்டேஜ் டிவைடர் பயாஸ் கணக்கு, அதாவது இரண்டு தடைகளை வைத்து டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தரும் சர்க்யூட். 12 வோல்ட் சப்ளை, மேலே 40 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம், கலெக்டரில் 3 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம், பீட்டா (பேஸ் மின்னோட்டத்தைப் போல் கலெக்டர் மின்னோட்டம் எத்தனை மடங்கு என்ற எண்) 100. பேஸ் பக்கத்தை ஒரே மின்னழுத்தமாகவும் ஒரே தடையாகவும் சுருக்கி, தெவெனின் மின்னழுத்தம் 2.4 வோல்ட், தெவெனின் தடை 8 கிலோ ஓம் என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தான். அடுத்த வரியில் பேஸ் மின்னோட்டம் காணும்போது எமிட்டர் தடையை 101-ஆல் (பீட்டாவோடு ஒன்று) பெருக்க மறந்துவிட்டான். 2.4-இல் பேஸ்-எமிட்டருக்கு 0.7 போக மீதி 1.7-ஐ 109 கிலோ ஓமால் வகுத்திருந்தால் 15.6 மைக்ரோ ஆம்பியர் வந்திருக்கும். 9 கிலோ ஓமால் வகுத்து 189 மைக்ரோ ஆம்பியர் என்று எழுதியிருந்தான். அங்கிருந்து கலெக்டர் மின்னோட்டம் 18.9 மில்லி ஆம்பியர். கடைசியில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மைனஸ் 63.75 வோல்ட். அதைக் கட்டம் கட்டி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான்.

12 வோல்ட் கொடுத்த சர்க்யூட்டில் மைனஸ் 63 வோல்ட் எங்கிருந்து வரும்? சரியான விடை சுமார் 5.7 வோல்ட்.

இப்படிப்பட்ட தாளைத் திருத்துபவர் எப்படி மார்க் போடுவார் என்பதைத்தான் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடை தப்பு என்பதால் 13-ம் போய்விடாது. விடைக்குறிப்பில் படிப்படியாக மார்க் பிரித்திருக்கும். நான் இந்தக் கணக்குக்குக் குறிப்பு எழுதினால் சர்க்யூட்டுக்கு 3, தெவெனின் மாற்றுக்கு 3, பேஸ் மின்னோட்டச் சமன்பாட்டுக்கு 2, மதிப்புகளுக்கு 3, லோடு லைனும் அதன் மேல் கியூ புள்ளியும் (டிரான்சிஸ்டர் இயங்கும் புள்ளி) வரைய 2 என்று பிரிப்பேன். இவனுக்கு முதல் ஆறு மார்க் அப்படியே வந்திருக்க வேண்டும். ஆனால் சர்க்யூட்டில் தடைகளின் மதிப்பைக் குறிக்கவில்லை, எமிட்டர் அம்புக்குறியும் இல்லை. அம்புக்குறி இல்லாமல் அது என்பிஎன்னா பிஎன்பியா என்று திருத்துபவர் எப்படிச் சொல்வார்? 5 கிடைத்திருந்தது. லோடு லைன் வரையவே இல்லை. வரையவும் முடியாது, அந்தப் புள்ளி வரைபடத்துக்கு வெளியே விழுந்துவிடும்! அந்த நேரத்திலாவது எங்கேயோ தப்பு என்று நின்றிருக்கலாம். "இந்த மதிப்பு சாத்தியமில்லை, எங்கோ பிழை இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட நானாக இருந்தால் ஒரு மார்க் சேர்த்திருப்பேன்.

மற்ற பக்கங்களிலும் இதே கதைதான். டயோடு வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் இல்லை. முன்னோக்குப் பகுதி மில்லி ஆம்பியரில், பின்னோக்குப் பகுதி மைக்ரோ ஆம்பியரில் என்ற வித்தியாசமும் இல்லை. இரண்டு மார்க் கேள்வி ஒன்றுக்கு முக்கால் பக்கம் எழுதிவிட்டு, பதினைந்து மார்க் கேள்விக்கு நேரமில்லாமல் நான்கு வரியோடு நிறுத்தியிருந்தான். பக்கத்தை எடை போட்டு மார்க் தருகிறார்கள் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை.

மறுமதிப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேரடியாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. முதலில் நகல் வாங்க வேண்டும். பாடம் எடுத்த ஆசிரியர் அதைத் திருத்திப் பார்த்து, கேள்விவாரியாக மார்க் பிரித்து எழுதிப் பரிந்துரைத்தால்தான் அடுத்த படி. இதற்கெல்லாம் தரும் நாட்கள் குறைவு, ரிசல்ட் வந்த துக்கத்தில் ஒரு வாரம் போர்வைக்குள் கிடந்தால் தேதி போய்விடும். லேப் தேர்வுக்கு மறுமதிப்பீடே கிடையாது. இந்தப் பையனின் தாளை எவ்வளவு இளகிய மனதோடு கூட்டினாலும் எனக்கு 42-க்கு மேல் வரவில்லை. பரிந்துரைக்கவில்லை. அப்பாவுக்கு என் மேல் வருத்தம்தான்.

லேப் வேறு உலகம். அங்கே இன்டர்னல் 60, தேர்வு 40. இன்டர்னலுக்குப் போடும் நூறில் 75 அப்சர்வேஷனுக்கும் ரெக்கார்டுக்கும், 25 தேர்வுக்கு. வாராவாரம் ஒழுங்காக வந்து செய்தாலே மார்க் சேர்ந்துவிடும். இதில் ஏமாற்றுவது எங்கள் கண்ணுக்கு உடனே தெரியும். ஏசி-யை டிசி-யாக மாற்றும் அரை அலை ரெக்டிஃபையர் செய்யச் சொன்னால் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ரிப்பிள் ஃபேக்டர் (அந்த டிசி-யில் மிஞ்சும் ஏசி-யின் அளவு) சரியாக 1.21 வந்திருக்கும். புத்தகத்தில் இருக்கும் எண் அது. ஒரு வருடம் ஒரு மாணவி 1.26 என்று எழுதிவிட்டு, பயந்துகொண்டே ரெக்கார்டை நீட்டினாள். ஏன் என்று கேட்டேன். "சார், நம்ம டிரான்ஸ்ஃபார்மர் 6 வோல்ட்தான். டயோடு 0.7 வோல்ட் தாண்டின பிறகுதானே கடத்துது, அதனால பாதி சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாத்தான் கடத்தும்" என்றாள். உண்மையிலேயே அந்த டிரான்ஸ்ஃபார்மரில் கணக்குப் போட்டாலும் 1.26 பக்கம்தான் வரும். அந்தப் பரிசோதனைக்கு முழு மார்க் வாங்கியது அவள் ஒருத்திதான். 1.21 எழுதியவர்களை மறுபடி செய்யச் சொன்னேன்.

கிரேடைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. "எனக்கு 74, ஏ. அவனுக்கு இன்னொரு பாடத்தில 78, ஆனா பி பிளஸ். ஏன் சார்?" 2021 ரெகுலேஷனில் ஒரு பாடத்தை 30 பேருக்கு மேல் எழுதினால் கிரேடு ஒப்பீட்டு முறையில் தரப்படுகிறது. பாஸானவர்களின் மார்க்கை மட்டும் எடுத்து, பாக்ஸ்-காக்ஸ் என்ற புள்ளியியல் மாற்றம் செய்து, பாடத்துக்குப் பாடம் தனி எல்லை வகுக்கிறார்கள். எல்லாரும் நன்றாக எழுதிய பாடத்தில் எல்லை மேலே போகும். 30 பேரோ அதற்குக் குறைவோ என்றால்தான் 91 முதல் ஓ, 81 முதல் ஏ பிளஸ் என்ற பழைய நிலையான பட்டியல். பாஸா ஃபெயிலா என்பது மட்டும் எதிலும் மற்றவர்களைப் பொறுத்ததல்ல.

சிஜிபிஏ (எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த சராசரி கிரேடு புள்ளி) கணக்கில் கிரெடிட்டை, அதாவது பாடத்தின் எடையை, மறந்துவிடாதீர்கள். எலக்ட்ரானிக் டிவைசஸ் தியரி 3 கிரெடிட், அதன் லேப் 1.5. தியரியில் பி வாங்கினால் 6 புள்ளி, மூன்றால் பெருக்க 18. லேப்பில் ஓ வாங்கி 10 புள்ளி எடுத்தாலும் 15தான். லேப் மார்க்கை நம்பி சிஜிபிஏவைத் தூக்கிவிடலாம் என்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். டிஜிட்டல் சிஸ்டம்ஸ் டிசைன் பாடத்தில் லேப்பும் சேர்ந்தே வருகிறது, அது 4 கிரெடிட், அங்கே இன்டர்னலும் தேர்வும் சரிபாதி.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைக் கடைசி வாரத்தில்தான் எண்ணுகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த அப்பா மறுபடி போன் செய்தார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. "அடுத்த தடவை எழுதும்போது அந்த 38 இருக்குமா சார்? இல்ல அதுவும் போயிடுமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். தாளில் 45 எடுத்தால் 27, ஆக மொத்தம் 65. போனை மகனிடம் கொடுத்தார். அவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சார், அந்த 101 எங்கேர்ந்து வருது?" என்றான்.