லீக், கசிவு, அம்பலம்

மழைக்காலத்தில் சென்னை வீடுகளில் மொட்டைமாடித் தளத்தில் தண்ணீர் ஊறி, சுவரில் ஈரம் படர்ந்தால் ‘கசியுது’ என்கிறோம். குழாயில் வாசர் போனால் ‘ஒழுகுது’. இரண்டுக்கும் சேர்த்து ‘லீக் ஆவுது’ என்று சொல்லி பிளம்பரைக் கூப்பிடுகிறோம். கோட்டையிலிருந்து ஒரு கோப்பு வெளியே வந்தாலும் செய்தியில் இதே சொல்தான்: ‘ரகசிய ஆவணம் லீக்’, ‘அறிக்கை கசிந்தது’. இந்தச் சொல் அந்தச் செயலுக்குப் பொருந்தவே பொருந்தாது என்று நினைக்கிறேன்.

லீக் என்பது வட ஐரோப்பிய மொழிகளில் சொட்டுவதைக் குறித்த வேரிலிருந்து ஆங்கிலத்தில் வழங்கும் சொல். ஓட்டை விழுந்த கப்பலுக்கும் பீப்பாய்க்கும் உரியது. அரசுச் செய்திக்கு உவமையாக ஏறியது பிற்பாடுதான். நாம் அதை அப்படியே ‘கசிவு’ ஆக்கிக்கொண்டோம். கசிதல் தமிழில் பழைய, அழகான சொல். ஈரம் ஊறுவதையும் சொல்லும், மனம் நெகிழ்வதையும் சொல்லும். ‘காதலாகிக் கசிந்து’ என்று சம்பந்தர் பாடுவது இந்தச் சொல்லை வைத்துத்தான்.

ஆனால் கசிதல் தன்வினை. தண்ணீர் தானே கசியும், அதை யாரும் செய்ய வேண்டியதில்லை. கோப்பு அப்படித் தானே நடந்து வராது. ஒருவர் அதைப் படிக்கிறார், நகல் எடுக்கிறார், வேலையையும் பென்ஷனையும் பணயம் வைத்து வெளியே கொண்டுவருகிறார். ‘கசிந்தது’ என்று எழுதிய நொடியில் அந்த மனிதர் வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார். அவருடைய பெயரை மறைப்பது அவருக்கு நல்லதுதான். அவருடைய துணிவையும் சேர்த்து மறைப்பது நியாயமில்லை. தவிர, கசிவு என்றாலே அடுத்த எண்ணம் ஓட்டையை அடைப்பது. கோப்பில் எழுதியிருந்தது உண்மையா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

கிட்டத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். முதல் மழைக்கே தண்ணீர் வாசல்படி ஏறியது. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த வேலையின் எம்-புக் நகல் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டேன். எம்-புக் என்பது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்; அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில் போகும். முப்பது நாள் ஆயிற்று, பதில் இல்லை. நேரில் போனால், ‘அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் சார்’ என்றார்கள். கீழே டீக்கடையில் நிற்கும்போது அந்த அலுவலகத்துத் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து செல்போனை நீட்டினார். எம்-புக்கின் ஒரு பக்கம். நீல மையில் நீளம், அகலம், ஆழம். ஆழம் 1.20 மீட்டர். என் வீட்டெதிரே அந்த வடிகாலில் இறங்கி நின்றால் முழங்காலுக்கு மேல் வராது. ஓரத்தில் இருந்த கையெழுத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடியே காட்டினார். ‘நான் காட்டுனேன்னு சொல்லிடாதீங்கண்ணே.’

இதைக் கசிவு என்று எப்படிச் சொல்வது?

கான்ஃபிடென்ஷியலுக்கு நம் ஆட்சித்தமிழ்ச் சொல் மந்தணம். மந்திரம், மந்திரி இவற்றின் வேரே இதற்கும். ஆலோசனை என்பதே அடிப்பொருள். மன்னனும் அமைச்சனும் தனித்திருந்து பேசியது மந்தணம். அந்த ஆட்சி மன்னனுடையது, பேச்சும் அவனுடையது. வடிகாலுக்குப் பணம் கொடுத்தது வரி கட்டிய நான். அதன் அளவு என்னிடமிருந்தே மந்தணம் ஆவது எப்படி?

தனிமனித உரிமையை முதலில் வைக்கும் சுதந்திரவாதிகள் கேட்பது இதைத்தான். மனிதனுக்கு அந்தரங்கம் உண்டு, அரசுக்குக் கிடையாது. அரசு நம் வேலையாள். எதையாவது மூடிவைக்க வேண்டுமானால் காரணத்தை அதுதான் சொல்ல வேண்டும். எல்லையில் படை நகர்வதை மறைக்கலாம், அதுவும் தேவை தீரும் வரை. நம் சட்டமோ தலைகீழாக நிற்கிறது. வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது. ரகசியம் எது என்று அது வரையறுப்பதில்லை. கொடுத்தவரோடு வாங்கியவரையும் தண்டிக்கிறது. இத்தனைக்கும் தகவல் உரிமைக்கு 1997-லேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. 2005-இன் மத்தியச் சட்டத்தில் 8(2) பிரிவு, பொதுநலன் பெரிதென்றால் 1923 சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது.

2019-இல் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் ஆவணங்களைச் சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ வெளியிட்டபோது, அவை திருடப்பட்டவை என்று அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். திருட்டு என்றால் சொந்தக்காரர் வேண்டும். யார் அந்தச் சொந்தக்காரர்? ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம் அரசின் ஆட்சேபத்தைத் தள்ளி, அந்த ஆவணங்களைப் பார்க்கலாம் என்றது. அந்தக் கொள்முதலை விசாரிக்கக் கோரிய மறுஆய்வு மனுக்கள் பிறகு தள்ளுபடியானது தனிக் கதை.

1994-இல் நக்கீரன் வழக்கில் வந்த தீர்ப்பு எனக்கு இன்னும் நெருக்கமானது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை இதழ் வெளியிடவிருந்தது. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. அச்சாகுமுன் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, அரசு அமைப்புகள் அவதூறு நட்டஈடு கேட்டு வழக்குப் போடவும் முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்புதான் குடிமகனுக்குத் தன் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை உண்டென்றும் சொன்னது. அலுவல் ரகசியச் சட்டத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது.

வள்ளுவர் எதிர்ப்பக்கம் நிற்பதாகத் தோன்றலாம். ‘அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்’ என்கிறார். ஒருவர் நம்பிச் சொன்னதை ஊருக்குப் பறையடிப்பவர் கயவர்தான்; எனக்கும் மறுப்பில்லை. அது மனிதரின் மறை. ஒற்றர்களைப் பற்றிய ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் அரசின் மறையைப் பற்றிப் பேசும்போது அவர் கையாளும் வினைச்சொல் வேறு: ‘புறப்படுத்தான் ஆகும் மறை’. புறப்படுத்துதல், அதாவது வெளியே கொண்டுவருதல், பிறவினை. செய்தவன் அந்தச் சொல்லிலேயே நிற்கிறான்.

இன்றைய காதுக்குப் புறப்படுத்துதல் ஒட்டாது. நம்மிடம் அம்பலப்படுத்துதல் இருக்கிறது. அம்பலம் என்றால் ஊர் கூடும் பொதுவிடம், மன்று. வீட்டுப் பேச்சை அங்கே கொண்டுபோனால் மானக்கேடு. ஊர்ச்சொத்தின் கணக்கை அங்கே கொண்டுபோவதுதான் முறை. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியில் இருப்பதும் அதே இடம். பத்திரிகைதான் ஏழையின் சொல்லை அங்கே ஏற்றிவிடும் படிக்கட்டு.

ஆகவே எரிவாயு கசியட்டும். காசுக்கு விற்ற வினாத்தாளை ‘விற்றார்கள்’ என்றே எழுதலாம். அமைச்சர் தனக்குச் சாதகமான பாதிச் செய்தியை நிருபர் காதில் போட்டால், அதற்குக் ‘கசியவிட்டார்’ சரியாகப் பொருந்தும். முறைகேட்டுக்குச் சான்று காட்டிய ஊழியர் அம்பலப்படுத்தினார்.

அப்படி அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆண்டுகள் பல கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. அதனால்தான் மேலே அந்த அலுவலகத்தின் பெயரையும் எங்கள் தெருவின் பெயரையும் நான் எழுதவில்லை.