அட்டமி நவமியில் கடலுக்குப் போகலாம்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் மலேசியாவின் ரந்தாவிலிருந்து இரண்டு கார்களில் புறப்பட்ட எங்கள் குடும்பம், போர்ட்டிக்சனின் தெலுக் கெமாங் கடற்கரையை அடைந்தபோது மணி 11.30. பாயை விரித்து, சாப்பாட்டுக் கூடைகளை இறக்கி, பிள்ளைகளுக்கு உடை மாற்றி முடிப்பதற்குள் மணி ஒன்றை நெருங்கிவிட்டது. அதற்குள் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. நாங்கள் வந்திறங்கியபோது அலையடித்துக்கொண்டிருந்த இடத்தில் சேறு கலந்த ஈர மணலும், அங்கங்கே தேங்கிச் சூடேறிய குட்டைகளுமே மிஞ்சியிருந்தன. நான்கு வயது மகள் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்பா, தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டாள். மாலையில் வீடு திரும்பியபோது அவளுடைய தோள்பட்டைகள் கன்றிச் சிவந்திருந்தன. அக்காள் மகனுக்கு இரவு முழுவதும் வாந்தி. கடல்மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. நாள் பார்த்த நாங்கள் நேரம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நேரம் பார்ப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள்கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார். இரவு முழுவதும் நீரை உறிஞ்சி நிறைந்திருக்கும் மரத்தின் பட்டைக்குள் பால்குழாய்கள் அழுத்தத்தோடு விம்மியிருக்கும்; வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்கிவிடுவதால் அந்த அழுத்தம் தளர்ந்து, பால் ஒழுகுவது குறைந்துவிடும். மரத்துக்கு ஒரு கடிகாரம் இருப்பதை அறிந்து அதற்கேற்ப எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடலுக்கோ இரண்டு கடிகாரங்கள்: ஒன்றை நிலா ஓட்டுகிறது, மற்றொன்றைச் சூரியன் ஓட்டுகிறது.

மகள் கேட்ட கேள்விக்கு விடை நிலாவிடம் இருக்கிறது. நிலா தன் பக்கம் இருக்கும் கடல்நீரைப் பூமியின் மையத்தைவிடச் சற்றே வலுவாக இழுக்கிறது. மறுபுறத்து நீரை மையத்தைவிடச் சற்றே குறைவாக இழுக்கிறது. இந்த வேறுபாட்டால் நிலாவை நோக்கிய பக்கமும் அதற்கு நேரெதிர்ப் பக்கமும் ஆக இரண்டு இடங்களில் நீர் மேலெழ முனைகிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் ஒரே ஊர் ஒரு நாளில் இரண்டு முறை இந்த ஏற்றத்தைச் சந்திக்கிறது. மலாக்கா நீரிணையைப் பொறுத்தவரை ஓதம் எனப்படும் இந்த ஏற்றவற்றம் பெரும்பாலும் வடக்கே அந்தமான் கடலிலிருந்து நீண்ட அலையாக உள்ளே நுழைகிறது. கால்வாய் குறுகக் குறுக நீர் ஒதுங்க இடமின்றி உயர்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றமும் வற்றமும் போர்ட்டிக்சனைவிடப் பெரிதாக இருப்பதற்குக் கரையின் இந்த வடிவமும் ஒரு காரணம்.

பூமி ஒரு சுற்றை முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதே நிலைக்குத் திரும்ப 24 மணி நேரம் போதாது. மேலும் ஏறத்தாழ 50 நிமிடம் தேவைப்படுகிறது. எனவே ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்லும். இதன் விளைவை விடுமுறைத் திட்டத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நாளுக்கு 50 நிமிடம் என்றால் ஏழு நாளில் 350 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடல் நிறைந்திருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே எட்டு மணிக்கு அது ஏறக்குறைய முழுவதும் வற்றியிருக்கும். போன வாரம் போய் வந்த பக்கத்து வீட்டு மாமா, "காலையிலேயே போயிடுங்க, தண்ணி நல்லா இருக்கும்" என்று சொன்னதை நம்பிக் கிளம்பியவர்கள் ஏமாறுவது இப்படித்தான். இரண்டு வாரங்களுக்கு முன் போனவரிடம் கேட்டிருந்தால் சரியான தகவல் கிடைத்திருக்கும்.

நீர் எவ்வளவு தூரம் போகும் என்பது கரையின் சாய்வைப் பொறுத்தது. 50 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர்தான் இறங்கும் என்கிற அளவுக்குத் தட்டையான கரை என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் இரண்டு மீட்டர் தாழ்ந்தால் கரைக்கோடு 100 மீட்டர் பின்வாங்கும். அதுவும் சீரான வேகத்தில் நடப்பதில்லை. வற்றத் தொடங்கும் முதல் மணி நேரத்தில் மெல்ல இறங்கி, மூன்றாம் நான்காம் மணி நேரங்களில் மொத்த இறக்கத்தில் பாதியை முடித்து, கடைசியில் மீண்டும் மெதுவாகிவிடும். ஏறும்போதும் இதே கதைதான். வற்றிய கடலில் வெகுதூரம் நடந்துபோய் நண்டு தேடும் பிள்ளைகளைச் சுற்றி நீர் திரும்பி வருவது, நடுவில் உள்ள அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மிக விரைவாக நிகழும். அப்போது முதுகுக்குப் பின்னாலிருக்கும் பள்ளம் முதலில் நிரம்பும் என்பதைப் பெரியவர்கள்கூடக் கவனிப்பதில்லை.

இனி அட்டமிக்கு வருவோம். சூரியனும் கடலை இழுக்கிறது. ஆனால் அதன் ஓத விசை நிலாவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்பதால் இரண்டு இழுப்பும் ஒன்றுசேர்ந்து, ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் அமைகின்றன. நிலா பாதியாகத் தெரியும் அட்டமியிலோ இரண்டும் செங்கோணத்தில் நின்று ஒன்றையொன்று குறைத்துவிடுகின்றன. வெறும் கணக்கின்படி, அட்டமிக் கால ஏற்றவற்ற வேறுபாடு பௌர்ணமிக் காலத்தினுடையதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். இடத்துக்கு இடம் இந்த விகிதம் மாறினாலும் போக்கு மாறாது. கடல் உடனே கட்டுப்படாமல் ஓரிரு நாள் பிந்துவதால், மிக அடக்கமான ஓதம் நவமி, தசமியில் வாய்க்கும். அந்நாள்களில் வற்றினாலும் நீர் கண்ணுக்கெட்டாத தூரம் போகாது. நீரோட்டத்தின் வேகமும் குறைவாக இருக்கும். நல்ல காரியம் தொடங்க ஆகாது என்று நாம் ஒதுக்கிவைத்த அட்டமியும் நவமியும், சிறு பிள்ளைகளைக் கடலில் விளையாட விடுவதற்கு மாதத்திலேயே தோதான நாள்கள். மாறாக, நாம் கடலாடும் நாள்களான ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம் ஆகிய மூன்றும் பேரோத நாள்கள். பெரியவர்கள் முழுகி எழட்டும். அன்றைக்குக் குழந்தைகளை இடுப்பளவு நீருக்குக்கூடக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி நாளைச் சொல்லிவிடும், மணியைச் சொல்லாது. அதற்கு அரச மலேசியக் கடற்படையின் நீர்ப்பரப்பு அளவை மையம் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஓதத்தைக் குறிக்கும் 'பசாங் சூருட்' என்ற மலாய்ச் சொல்லோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கைப்பேசியில் தேடினாலும் அந்த நாளின் மணிக்கணக்கு கிடைக்கும். கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. அங்கே ஓதத்தின் ஒழுங்கு வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று எழுப்பும் அலை, குழந்தைகளோடு நெருங்கத் தக்கதன்று.

சூரியனின் கடிகாரத்தில் நாம் செய்யும் பிழை இன்னும் எளியது. உச்சிவெயில் என்றால் பன்னிரண்டு மணி என்று நினைத்துக்கொள்கிறோம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம், கிழக்கே 120 பாகை தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. போர்ட்டிக்சனோ ஏறத்தாழ 101.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், அங்கே சூரியன் உச்சியைத் தொடுவது சுமார் 1.15 மணிக்கு, மாதத்தைப் பொறுத்துக் கால்மணி நேரம் முன்பின்னாக இருக்கும். ஆகவே பிற்பகல் மூன்று மணி என்பது, சூரியனின் கணக்கில், முற்பகல் 11.30-க்கு இணையான வெயில். "மூணு மணி ஆச்சே, வெயில் தாழ்ந்துடுச்சு" என்று பிள்ளைகளை இறக்கிவிடுவதில் உள்ள தவறு இதுதான்.

கடிகாரமே தேவையில்லாத ஒரு வழியும் உண்டு. பிள்ளையை மணலில் நிற்கவைத்து அதன் நிழலைப் பாருங்கள். நிழல் பிள்ளையின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே இருக்கிறது. புற ஊதாக் கதிர் வலுவாக இறங்குகிறது என்று பொருள். நம் ஊரில் இது ஏறத்தாழக் காலை 10.15 முதல் மாலை 4.15 வரை. குடை நிழல் முழுப் பாதுகாப்பாகாது. உலர்ந்த மணல் சுமார் 15 விழுக்காட்டுக் கதிரையும் அலைநுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. மெல்லிய மேகத்தைத் துளைத்து 80 விழுக்காடு வரை இறங்கிவிடுகிறது. நீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் 40 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. மாநிறத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கை. தோலின் நிறமியான மெலனின் கன்றிப்போவதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுத்துவிடாது என்பதற்கு என் மகளின் தோள்களே சான்று. முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் முதல் காப்பு. வெயில்காப்புக் களிம்பு இரண்டாவது. அதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் மீண்டும் பூச வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் களிம்பைவிட நிழலே ஏற்றது.

குழந்தையின் உடல் சிறிய அளவில் செய்த பெரியவர் உடல் அன்று. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் தோல் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 1.8 சதுர மீட்டர். ஒரு கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால் குழந்தைக்கு ஏறக்குறைய இருமடங்கு. வெளியிலிருந்து வெப்பம் புகுவதும் உள்ளிருந்து வெளியேறுவதும் அந்தத் தோலின் வழியாகத்தான். ஆகவே மணலில் பெரியவருக்கு முன்பே பிள்ளை சூடேறுகிறது. நீரில் பெரியவருக்கு முன்பே குளிர்ந்துவிடுகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், வெதுவெதுப்பான நம் கடலிலும் முக்கால் மணி நேரம் விளையாடிய பிள்ளைக்கு உதடு நடுங்கத் தொடங்கும். அப்போது துவட்டி உலர்ந்த சட்டை போட வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம்" என்ற கெஞ்சலுக்கு இணங்கக் கூடாது.

காலை நேரத்துக்கும் ஒரு குறை உண்டு. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். நிலம் சூடேறியபின் முற்பகலில்தான் அது திசை மாறிக் கரைநோக்கி வரும். நீரும் வற்றிக்கொண்டிருக்கும் காலைப்பொழுதில், காற்றடைத்த அன்னப் பறவை மிதவையில் உட்கார்ந்த பிள்ளையைக் காற்றும் நீரும் சேர்ந்து வெளியே தள்ளும். கடற்கரையில் விற்கும் அந்த மிதவைகளை நான் வாங்குவதில்லை. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று எதிர்பார்ப்பதும் பிழை. மூச்செடுக்கவே வாய் நீருக்கு மேல் நிற்காதபோது குரல் எப்படி எழும்? கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கைப்பேசியில்லாமல், இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து நிற்பதே எங்கள் வீட்டில் இப்போதைய ஏற்பாடு.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று அக்காள் மகனைப் படுக்கவைத்தது, காலை ஆறு மணிக்குப் பொட்டலம் கட்டி, காருக்குள் வெந்து, பிற்பகல் இரண்டு மணிக்குப் பிரித்த நாசி லெமாக் என்றே நினைக்கிறேன். சோற்றில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்து, கொதிநீரில் வெந்த பிறகும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து அது சுரக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. தேங்காய்ப்பால் சேர்த்த சோறு வேறு விரைவாகக் கெடும். கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு என்று பாட்டி பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம், புளியின் அமிலத்தில் அந்த நுண்ணுயிர் எளிதில் பெருகாது என்பதே. அந்தப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. கெடாது என்பது தெரியும்.

வானத்தைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வரும் சூறைக்காற்றும் மழையும் மேற்குக் கரையை விடிகாலையில் தாக்குவதுண்டு. பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகலில் இடிமழை எழும். இடிச் சத்தம் காதில் விழுந்தால், மின்னல் எட்டும் தொலைவில் நாம் இருக்கிறோம் என்று பொருள். பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றிவிட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் ஆகும்வரை நீரில் இறங்கக் கூடாது.

இந்த ஆண்டு நவமியன்று போனோம். பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல் என்பதால் இருட்டோடு புறப்பட்டு, 7.45-க்கெல்லாம் மணலில் இறங்கிவிட்டோம். நீர் மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. வற்றினாலும் கூப்பிடு தூரத்தைத் தாண்டவில்லை. நீர் விட்டுச்சென்ற பளபளப்பான ஈர மணலில் மகள் காலை அழுத்தி வைத்தாள்; உடனே பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் வெளுத்து உலர்ந்தது. மிதித்தால் நீர் பிதுங்கி வர வேண்டும், இங்கே எப்படி மறைகிறது? அலை தட்டித் தட்டி நெருக்கி அடுக்கிய மணிகள், அழுத்தும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகுகின்றன; இடைவெளி கூடுகிறது; மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. 1885-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் விளக்கிய நிகழ்ச்சி இது. மகளுக்கு நான் சொன்னது, "மணல் மூச்சை இழுத்து, தண்ணிய உள்ள எடுத்துக்கிச்சு" என்பதுதான். அவள் காலை எடுக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சில நொடிகளில் பக்கத்து நீர் ஊறிவந்து வெளுப்பு மறைந்தது. காலைத் தூக்கியபோது, தடத்தின் அடியில் கொஞ்சம் நீர் தேங்கியிருந்தது.